அரளியைச் சுற்றும் கருப்பன்கள்: எது எந்த இனம் என்று எப்படிச் சொல்வது?

திருவாரூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஒன்பது படங்களோடு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வீட்டு வாசலில் உள்ள அரளியைச் சுற்றிக் கருப்பு நிறத்தில், ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. சிலவற்றுக்குச் சிறகின் நடுவிலும் புள்ளி இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. இவை ஒரே இனமா, இரண்டு மூன்று இனங்களா என்பது முதல் கேள்வி. அதே அரளியின் இலையைக் கொம்பு முளைத்த புழுக்கள் தின்கின்றன, மருந்து அடிக்கலாமா என்பது இரண்டாவது. ஆண்டில் சில நாட்கள் இவை கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் பறந்து போவது ஏன் என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அரளியைச் சுற்றுபவை பெரும்பாலும் ஒரே இனம்தான். தமிழில் வெண்புள்ளிக் கருப்பன் என்று அழைக்கப்படும் யூப்ளோயா கோரே. சிறகின் நடுவில் புள்ளி இருப்பதும் இல்லாததும் நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சிறகை விரித்து மேல்பக்கத்தைக் காட்டும்போது இந்தப் பூச்சிக்கு ஓரப் புள்ளிகள் மட்டுமே தெரியும். நடுப்புள்ளி பெரும்பாலும் இருக்காது. சிறகை மூடி அடிப்பக்கத்தைக் காட்டும்போது நடுப்பகுதியிலும் சில புள்ளிகள் தவறாமல் இருக்கும். ஒரே பூச்சியின் இரண்டு பக்கங்களைத்தான் நீங்கள் இரண்டு இனமாகப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் படங்களில் மூடிய சிறகுள்ளவற்றை ஒரு பக்கமும் விரித்த சிறகுள்ளவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்துப் பாருங்கள், குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி தீர வேண்டுமென்றால் புள்ளியை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருப்பன்களின் வெள்ளைப் புள்ளி பறவைகளுக்காக வைக்கப்பட்ட அறிவிப்பு. தங்கள் இனத்தை அவை அடையாளம் காண்பது புள்ளியைக் கொண்டு மட்டும் அல்ல. இந்தப் பூச்சிகளைக் கொத்தும் பறவைக்கு வாயில் கசப்பும் குமட்டலும்தான் மிஞ்சும். ஒரு முறை பட்ட பறவை அந்த உருவத்தை மறக்காது. அப்படியிருக்கும்போது, ஒரே வட்டாரத்தில் வாழும் கசப்பான இனங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தோற்றம் கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் லாபம். பறவைக்குப் பாடம் கற்பிக்கும்போது உயிரிழப்பவை எல்லா இனங்களுக்கும் பகிர்ந்து போகும். பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1879-இல் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினார். அதற்கு முன்பே, 1862-இல், ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் மற்றொன்றைச் சொல்லியிருந்தார்: கசப்பே இல்லாத பூச்சிகளும் கசப்பான பூச்சியின் வேடத்தைப் போட்டுத் தப்பிக்கும். டெல்டாவில் கருப்பன்களைச் சுற்றி இந்த இரண்டு வகை ஒற்றுமையும் நடக்கிறது. ஆகவே தோற்றத்தை மட்டும் நம்பி இனம் சொல்லப் போனால், பறவை ஏமாறுகிற அதே இடத்தில் நாமும் ஏமாறுவோம்.

தன் இனத்துப் பெண்ணைத் தேடும் ஆணுக்கு உதவுவது பெருமளவு வாசனை. அந்த வாசனைக்கான உறுப்புகள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. நாம் பார்க்க வேண்டியதும் அவற்றைத்தான்.

முதலில் பேரினத்தை உறுதிசெய்துகொள்வோம். யூப்ளோயா என்ற பேரினத்தைப் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் 1807-இல் வகுத்தார். இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, நியூகினி, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவிய இந்தப் பேரினத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இனங்கள் குவிந்து கிடப்பது தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் நியூகினிப் பக்கமும்தான். நமக்குத் தென்னிந்தியாவில் முக்கியமானவை மூன்று. எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன், நீல வரியன் ஆகியவை இவற்றின் நெருங்கிய உறவினர். எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, எல்லாம் நான்கு கால்களால் நிற்பவை. முன்னங்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கும். பூவில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் எண்ணிவிடலாம்.

வரியன்களுக்கும் கருப்பன்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண் பூச்சி சொல்லிவிடும். வெந்தய வரியன் ஆணுக்குப் பின்சிறகில் ஒரு நரம்பை ஒட்டிக் கருப்பாக ஒரு சிறு பை இருக்கும். நீல வரியன் ஆணுக்கும் பின்சிறகில் அதுபோல ஒரு மடிப்பு உண்டு. கருப்பன் ஆணுக்குப் பின்சிறகில் அந்தப் பை கிடையாது. அதற்குப் பதில் பல இனங்களில் முன்சிறகின் மேல்பக்கத்தில், கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, வாசனைச் செதில்கள் அடர்ந்த கோடு போன்ற ஒரு தழும்பு இருக்கும். இந்தத் தழும்புதான் நம் திறவுகோல்.

வெண்புள்ளிக் கருப்பனில் தொடங்குவோம். சிறகை விரித்தால் 85 முதல் 95 மில்லிமீட்டர் வரை வரும். பளபளப்பான கரும்பழுப்பு நிறம். வெளி ஓரத்தை நெருங்க நெருங்க நிறம் சற்று வெளிறும். இரண்டு சிறகுகளிலும் ஓரத்தை ஒட்டி இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளிகள். முன்சிறகின் உள்வரிசை நுனிப்பக்கம் வரும்போது உள்நோக்கி வளையும். வெளிவரிசைப் புள்ளிகள் சிறியவை, நுனி வரை போகாமல் பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. பின்சிறகில் உள்வரிசைப் புள்ளிகள் நீண்டும் வெளிவரிசைப் புள்ளிகள் உருண்டும் இருக்கும். தலையும் மார்பும் கருப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள். நடுத்தரப் பூச்சிக்கான இலக்கணம் இது. புள்ளிகளின் அளவும் எண்ணிக்கையும் பூச்சிக்குப் பூச்சி மாறும். வெயிலில் பறந்து பழசான பூச்சி கருப்பு வெளுத்து வெறும் பழுப்பாகத் தெரியும்.

இப்போது ஆணா பெண்ணா என்று பாருங்கள். முன்சிறகின் கீழ் ஓரம், அதாவது பின்சிறகின் மேல் படியும் விளிம்பு, ஆணுக்கு வெளிப்பக்கமாக வளைந்து புடைத்திருக்கும். பெண்ணுக்கு அது ஏறக்குறைய நேர்கோடு. இந்த ஒரு அடையாளம் கைவந்துவிட்டால் பறந்துபோகும்போதுகூட ஆணைக் கண்டுகொள்ளலாம். ஆண் என்று தெரிந்த பிறகு அந்தப் புடைத்த விளிம்புக்குச் சற்று மேலே பாருங்கள். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அங்கே ஒரே ஒரு தழும்பு, குட்டையானது, பல சமயம் மங்கலானது. வெளிச்சம் நேராக விழும்போது தென்படாது. சாய்ந்து விழும்போது சுற்றியுள்ள கருப்பிலிருந்து விலகித் தெரியும்.

இரண்டாவது இனம் யூப்ளோயா சில்வெஸ்டர். தென்னிந்தியாவில் உள்ள அதன் துணையினத்துக்குக் கோரெட்டா என்று பெயர். இதை இங்கே இரட்டைக்கோட்டுக் கருப்பன் என்று குறிப்பிடுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் முன்னதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. அதே கருப்பு, அதே புள்ளி வரிசைகள், அதே சோம்பலான பறத்தல். ஆணின் முன்சிறகில் மட்டும் ஒரு தழும்புக்குப் பதில் இரண்டு தழும்புகள், ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும். நல்ல நிலையில் உள்ள ஆணைப் பார்த்தால் இதில் ஐயத்துக்கே இடமில்லை. கோடுகள் இரண்டும் துலக்கமாகத் தெரியும். பெண்ணுக்குத் தழும்பு கிடையாது. அதனால்தான் கூட்டத்தில் பறக்கும் பெண் பூச்சிகளைத் தூரத்திலிருந்து பார்த்து இனம் சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. சிறகின் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும் படம் இல்லாமல் பெண்ணுக்குப் பெயர் வைக்கக் கூடாது. பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதிவு.

மூன்றாவது யூப்ளோயா க்ளூகை. பழுப்பு நிறம் கூடிய கருப்பன். தென்னிந்தியத் துணையினத்தின் பெயர் கோல்லாரி. இதன் ஆணுக்குப் பின்சிறகின் மேல்பக்கத்தில், முன்சிறகு வந்து மூடும் மேல் ஓரப்பகுதியில், வெளிறிய ஒரு பெரிய திட்டு இருக்கும். முன்சிறகு அதை மறைத்துக்கொண்டிருப்பதால் பூச்சி சிறகை நன்றாக முன்னுக்குத் தள்ளி விரிக்கும்போதுதான் அது வெளியே வரும். சிறகின் வெளிப்பாதி உள்பாதியைவிட வெளிறியிருப்பதும் இதன் தன்மை. இதே இனத்தின் வடகிழக்கு இந்தியப் பூச்சிகளுக்கு நீல மினுமினுப்பு உண்டு என்பதால், அங்கே எடுத்த படங்களை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் கிடைக்காது.

இந்த நீல மினுமினுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அசாம், மேகாலயப் பக்கம் பறக்கும் சில கருப்பன்களைப் பார்த்தவர்கள் நம் ஊர்ப் பூச்சியை அதே பேரினம் என்று நம்ப மாட்டார்கள். யூப்ளோயா முல்சிபர் ஆணின் முன்சிறகு வெயில் பட்டதும் நீலமாக எரியும். அதன் பெண்ணுக்குப் பின்சிறகில் புள்ளிகளுக்குப் பதிலாக வெள்ளைக் கீற்றுகள் ஓடும். ஆணும் பெண்ணும் இரண்டு இனம்போலத் தோன்றும். அந்த வண்ணமெல்லாம் நமக்கு இல்லை என்று நான் குறைப்பட மாட்டேன். ஒரே கருப்பில் ஒளிந்திருக்கும் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் நிறைவு தனி.

அடுத்து வேடதாரிகள். உங்கள் நான்காவது படத்தில் உள்ளது கருப்பனே அல்ல. சிறகின் வெளி ஓரம் பற்களைப்போல வெட்டுப்பட்டு அலை அலையாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த அலைகளை ஒட்டி வெள்ளைப் பிறைகள் இருக்கின்றன. அது ஹிப்போலிம்னாஸ் பொலினாவின் பெண். அதன் ஆண் கருஞ்சிறகில் ஊதா விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளோடு முற்றிலும் வேறாக இருக்கும். பெண் மட்டும் கருப்பனின் வேடம் போடுகிறது. உட்காரும் விதமும் பறக்கும் விதமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தரையிலோ இலையிலோ சிறகைத் தட்டையாக விரித்துக்கொண்டு அமரும். நெருங்கினால் விசையாகக் கிளம்பும். கருப்பன் அப்படி ஓடாது. கசப்பின் துணிச்சலில் கையெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டே போகும்.

இன்னொரு வேடதாரி, பப்பிலியோ கிளைட்டியா. இது கருவேப்பிலை, எலுமிச்சையில் முட்டையிடும் அழகிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தில் இரண்டு உருவங்கள் உண்டு: ஒன்று கருப்பனைப்போல, மற்றொன்று நீல வரியனைப்போல. வெளியே எவ்வளவு நடித்தாலும் கால்களை மறைக்க முடியாது. அழகிகளுக்கு ஆறு காலும் முழுமையாக இருக்கும். ஆறிலும் ஊன்றி நிற்கும். பின்சிறகின் ஓரத்தில் மஞ்சள் பொட்டுகளும் தெரியும். தென்னந்தோப்புகளில் ஓலையை ஒட்டிச் சிறகை மூடிக்கொண்டு அமரும் எலிம்னியாஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் ஆணும் பறக்கும்போது கருப்பன் என்று எண்ண வைக்கும். அமர்ந்ததும் அடிச்சிறகின் மண்நிறச் சிதறல் அதை வேறாக்கிவிடும்.

இப்போது புழுவுக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பேரினத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிறகில் தலையைச் சுற்ற வைக்கும் ஒற்றுமை, புழுவில் இல்லை. குச்சியை வைத்து யாரையும் சீண்டாமல் கொம்புகளை எண்ணினால் போதும். அரளியில் நீங்கள் பார்க்கும் வெண்புள்ளிக் கருப்பனின் புழுவுக்கு நான்கு ஜோடிக் கொம்புகள்: முன்பகுதியில் இரண்டு ஜோடி, அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு ஜோடி, வால்பக்கம் ஒரு ஜோடி. நீண்டு கருத்து, அடியில் செந்நிறமாக இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளையும் கருமையும் பழுப்பும் மாறி மாறி வளையங்கள், பக்கவாட்டில் மஞ்சள்கலந்த ஆரஞ்சுப் பட்டை. தெருவோரத்து எருக்கில் உள்ள வெந்தய வரியனின் புழுவுக்கு மூன்று ஜோடி. நீல வரியனின் புழுவுக்கு இரண்டே ஜோடி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் ஊரில் உள்ள எருக்கும் அரளியும் எண்ணி முடிக்கப்பட்டிருக்கும். கொம்பு என்று சொன்னாலும் அவை மெத்தென்றவை, குத்தாது, அரிக்காது.

அரளியில் பச்சை நிறத்தில் விரல் தடிமனில் பெரிய புழுவைக் கண்டால் அது வேறு. மார்புப் பக்கம் நீலக் கண்போல இரண்டு வட்டங்களும், வாலில் ஒரே ஒரு குட்டைக் கொம்பும் இருந்தால் அது அரளி அந்துப்பூச்சியின் புழு. அரளியை மொட்டையடிப்பது பெரும்பாலும் அதுதான். பழி மட்டும் கருப்பனின் புழுவுக்கு வந்து சேர்கிறது.

கருப்பனின் புழு தின்னும் விதத்தை ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். அரளி இலையைக் கிள்ளினால் வடிகிற பால் புழுவின் வாயை ஒட்டவைத்துவிடும் அளவுக்குப் பிசுபிசுப்பானது. ஆகவே அது நேராக நுனியைக் கடிப்பதில்லை. முதலில் இலையின் நடுநரம்பை அடிப்பக்கமாகக் கடித்து வெட்டுகிறது. பால் அங்கேயே ஒழுகி வற்றுகிறது. வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி தளர்ந்து தொங்கும்போது, பால் வராத அந்தப் பகுதியை விளிம்பிலிருந்து தின்னத் தொடங்குகிறது. அரளியில் பாதியில் மடிந்து தொங்கும் இலையைப் பார்த்தால் அதன் அடியைத் திருப்புங்கள். ஆள் அங்கே இருப்பார்.

பால் வடியும் செடிகளே இதன் உணவு. அரளியும் நன்னாரியும் ஒரு குடும்பம். ஆல், அரசு, அத்தி, பராய் ஆகியவை மற்றொரு குடும்பம். இரண்டிலும் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். எருக்கும் சேர்ந்த அரளிக் குடும்பத்தையே பெரும்பாலும் நம்பி வாழும் வரியன்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விருந்து. டெல்டாவில் இந்தப் பூச்சி இல்லாத ஊர் ஏன் இல்லை என்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அரசமரம் இல்லாத குளக்கரை இங்கே ஏது? அரளி இல்லாத நந்தவனம் ஏது? உங்களுக்கு அருகில் உள்ள திருக்கரவீரத்தில் தலமரமே அலரிதான். டெல்டாவின் தலைவாசலில், திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் உள்ள திருப்பராய்த்துறையில் தலமரம் பராய். உப்புத்தாளைப்போலச் சொரசொரக்கும் அதன் இலையை வெண்புள்ளிக் கருப்பனின் புழு தின்னும். பழுப்புக் கருப்பனான க்ளூகையின் புழுவும் தின்னும். ஆகவே பராய் மரத்தில் கருப்பன் புழுவைக் கண்டால் உடனே பெயர் சொல்லாமல், கூட்டுப்புழுவாகிச் சிறகு விரியும் வரை காத்திருங்கள். வேலிகளில் படரும் இக்னோகார்ப்பஸ் என்ற பால் கொடியில், அதாவது நாட்டு மருந்தில் நன்னாரிக்கு மாற்றாகப் பயன்படும் கொடியில், கருப்பன் முட்டையிட்டால் இரட்டைக்கோட்டுக் கருப்பனாக இருக்கும் வாய்ப்பை மனத்தில் வையுங்கள். அதன் விருப்பச் செடி அது. வெண்புள்ளிக் கருப்பனும் அங்கே வருவதுண்டு என்பதால் செடியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

கூட்டுப்புழுவைப் பார்த்திராதவர்களுக்கு விவரிப்பது கடினம். அரளி இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கும் அது, பொன்னும் வெள்ளியும் கலந்து வார்த்ததுபோலப் பளபளக்கும். அருகே முகத்தைக் கொண்டுபோனால் நம் முகமே சிறிதாகத் தெரியும். அதில் பொன்னிறச் சாயம் எதுவும் இல்லை. ஓட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மிக மெல்லிய படலங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கம் அது. பூச்சி வெளிவரும் நாள் நெருங்கும்போது பளபளப்பு மங்கி, உள்ளே மடிந்த கருஞ்சிறகும் வெள்ளைப் புள்ளிகளும் ஓட்டின் வழியே தெரியத் தொடங்கும். வெளிவந்த பூச்சி சிறகு காயும் வரை காலி ஓட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஆணின் புடைத்த விளிம்பையும் தழும்பையும் செதில் ஒன்றுகூட உதிராத நிலையில் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அரளியின் நஞ்சைத் தின்றுதான் இவை கசப்பாகின்றன என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது சரியல்ல. வரியன்களைப்போல வெண்புள்ளிக் கருப்பன் அரளியில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சை உடம்பில் சேமித்து வைப்பதில்லை என்று 1983-இல் வெளியான ஆய்வு காட்டியது. புழு அந்த நஞ்சைத் தாங்கிக்கொள்கிறது, ஆனால் இருப்பு வைப்பதில்லை. பாதுகாப்பில் பெரும்பங்கு, வளர்ந்த பூச்சி வேறு செடிகளிலிருந்து உறிஞ்சும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள் வகையிலிருந்து கிடைக்கிறது. அந்தச் செடிகள் உங்களுக்கு மிகவும் பழக்கமானவை. வயல் வரப்பில் நீலவெள்ளைப் பூக்களோடு தேளின் வால்போலச் சுருண்ட கதிர் விடும் தேள்கொடுக்கு ஒன்று. கிலுகிலுப்பை மற்றொன்று. பசுந்தாள் உரத்துக்கு விதைத்து மடக்கி உழும் சணப்பையும் கிலுகிலுப்பையின் இனம்தான்.

காய்ந்துபோன, அடிபட்ட தேள்கொடுக்குக்கு இன்னும் கூடுதல் ஈர்ப்பு. ஒரு செடியைப் பிடுங்கி வாட விட்டு, காலை வெயில் படும் இடத்தில் வேலியில் கட்டி வையுங்கள். பூவே இல்லாத அந்தச் சருகைச் சுற்றி ஆண் கருப்பன்களும் வரியன்களும் வந்து, உறிஞ்சுகுழலால் தண்டை ஈரப்படுத்தி மறுபடி உறிஞ்சிக்கொண்டிருக்கும். வருபவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். காரணம், இந்தப் பொருளைக் கொண்டுதான் பெண்ணை ஈர்க்கும் வாசனையை அவை தயாரிக்கின்றன. ஆண் பறந்துகொண்டே அடிவயிற்று நுனியிலிருந்து மஞ்சள் நிறத் தூரிகைபோன்ற மயிர்க்கற்றைகள் இரண்டை வெளியே விரிப்பதைச் சில சமயம் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இன அடையாளத்துக்குத் தழும்பைப் பார்க்க விரும்புபவருக்கு இந்தக் காய்ந்த செடி பெரிய உதவி. உறிஞ்சும் மும்முரத்தில் பூச்சி ஆளைப் பொருட்படுத்தாது; சிறகை மெதுவாகத் திறந்து மூடும்; பின்பக்கமாக மேலிருந்து படமெடுத்தால் முன்சிறகின் கீழ் விளிம்பு நன்றாக விழும்.

வலை வைத்துப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. பிடித்தாலும் கருப்பன் செத்ததுபோலக் கிடக்கும், நாற்றம் விடும். சிறகு தோல்போலக் கடினமானது என்பதால் விட்டதும் ஒன்றும் நடக்காததுபோலப் பறந்துவிடும். உயிரோடு இருப்பதைத் தொந்தரவு செய்யாமல், சிலந்தி வலையிலோ சாலையோரத்திலோ இறந்து கிடப்பதை எடுத்துப் பாருங்கள். சிறகு முழுதாக இருந்தால் எல்லா அடையாளங்களையும் நிதானமாகச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி, கூட்டமாகப் பறப்பது. தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கருப்பன்களும் நீல வரியன்களும் கிழக்குச் சமவெளியை நோக்கி வருகின்றன. அக்டோபர், நவம்பர் வாக்கில் மேற்கு நோக்கித் திரும்பும் ஓட்டம் நடக்கிறது. தென்னிந்தியாவின் இந்த வலசையைப் பற்றிக் கிருஷ்ணமேக் குந்தே 2005-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் ஊரில் இரட்டைக்கோட்டுக் கருப்பனைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரமும் இதுதான். அன்றாடம் அரளியைச் சுற்றும் கூட்டத்தில் அதைத் தேடுவதைவிட, வலசை நாட்களில் தேள்கொடுக்கில் இறங்கும் கூட்டத்தில் தேடுங்கள். கூடவே வரும் நீல வரியன்களிலும் இரண்டு இனங்கள் கலந்திருக்கும். வெளிறிய நீலத் திட்டுகள் அகலமாக இருப்பது ஒன்று, கருமை கூடித் திட்டுகள் மெலிந்திருப்பது மற்றொன்று.

இதே இரட்டைக்கோட்டுக் கருப்பன் தைவானிலும் வலசை போகிறது. அந்தத் தீவின் தெற்கே மாவ்லின் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழிக்க நான்கு கருப்பன் இனங்கள் திரள்கின்றன. அவற்றில் இது ஒன்று. வசந்தத்தில் அவை வடக்கே திரும்பும் வழியில் ஒரு விரைவுச்சாலை குறுக்கிடுகிறது. பூச்சிகள் வாகனங்களில் அடிபடுவதைத் தடுக்க 2007-இல் அந்தச் சாலையின் ஒரு தடத்தை மூடி, வலையும் கட்டினார்கள். நம் ஊரில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வலசை நாட்களில் கருப்பன்கள் தாழப் பறந்து கடக்கும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போகும்போது கூட்டத்தைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள் என்று நான் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

கோடியக்கரை என்றதும் இன்னொன்று. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் இதே மூன்று இனங்கள் இருக்கின்றன, ஆனால் வேறு துணையினங்களாக: கோரேயின் அசெலா, சில்வெஸ்டரின் மொன்டானா, க்ளூகையின் சின்ஹாலா. கடலோரத்தில் எடுக்கும் கருப்பன் படங்களை, மிகச் சாதாரணமான பூச்சி என்று அழித்துவிடாதீர்கள். நாள், இடம், பறந்த திசை ஆகியவற்றோடு வைத்திருந்தால் பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் பயன்படும்.

மருந்து அடிக்கலாமா என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது. வேண்டாம். வெண்புள்ளிக் கருப்பன் முட்டைகளைக் குவியலாக இடாது. இளந்தளிரின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். ஆகவே ஒரு செடியில் புழுக்கள் அளவோடுதான் இருக்கும். அவற்றில் பலவற்றைக் குளவிகளும் ஒட்டுண்ணி ஈக்களும் கொண்டுபோய்விடும். அரளி வெட்ட வெட்டத் தழைக்கும் செடி. தின்ற இலைக்குப் பதில் மழைக்குப் பின் இருமடங்கு துளிர்க்கும். பூ பறிப்பதற்குப் புழு தடையாக இருக்கிறது என்றால், அரளியைக் கையாண்ட பின் கையைக் கழுவும் வழக்கத்தோடு, புழுவை இலையோடு கிள்ளி வீட்டுக்குப் பின்னால் உள்ள மற்றொரு அரளியில் வைத்துவிடுங்கள். ஆலிலோ அரசிலோ வைக்க வேண்டாம். அரளியில் வளர்ந்த புழுவை நடுவில் வேறு செடிக்கு மாற்றினால் தின்னாமல் கிடக்கக்கூடும். பச்சை அந்துப்பூச்சிப் புழுவாக இருந்தாலும் இதையே செய்யலாம்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது ஒரு பூச்சிக்கு மூன்று படம் எடுங்கள்: சிறகு விரித்த மேல்பக்கம், மூடிய அடிப்பக்கம், பக்கவாட்டில் கால்கள். மேல்பக்கப் படத்தில் முன்சிறகின் கீழ் விளிம்பு முழுதாகத் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் செடியில் இருந்தது, பூவில் தேன் குடித்ததா, சருகை உறிஞ்சியதா, முட்டையிட்டதா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் ஒன்பது படங்களில் ஏழாவது மட்டும் இன்னும் என்னிடம் முடிவாகாமல் இருக்கிறது. ஆண் என்பது விளிம்பிலிருந்து தெரிகிறது. தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெயில் பளிச்சென்று அடித்திருக்கிறது. அதே செடிக்கு அதே நேரத்தில் அது மறுபடி வரக்கூடும். நிழல் விழும் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்துச் சொல்கிறேன்.